விவாகரத்துக்கு ஒரு மாநிலம், பிள்ளைக்கு வேறு மாநிலமா?

அமெரிக்காவில் விவாகரத்துக்கு, தம்பதியில் ஒருவர் அந்த மாநிலத்தில் குடியிருந்த காலம்தான் கணக்கு. நெவாடாவில் 6 வாரம் போதும்; கலிஃபோர்னியாவில் 6 மாதம், அதோடு வழக்குப் போடும் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) 3 மாதம்.

பிள்ளை யாரிடம் வளர்வது என்பது அப்படியில்லை. வழக்குக்கு முன் தொடர்ந்து 6 மாதம் பிள்ளை பெற்றவரோடு வாழ்ந்த இடமே அதன் ‘சொந்த மாநிலம்’; அந்த மாநில நீதிமன்றம்தான் இதை முடிவு செய்யும். 1997-இல் வகுத்த இந்தப் பொதுச் சட்டத்தை ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றிருக்கின்றன.

டெக்சாஸில் வளர்ந்த குழந்தையை அம்மா மார்ச்சில் நெவாடாவுக்குக் கூட்டிப்போய் மே மாதம் வழக்குப் போடுகிறார் என்று வையுங்கள். விவாகரத்து அங்கேயே கிடைக்கலாம். அப்பா டெக்சாஸில் இருந்தால், பிள்ளை விஷயம் டெக்சாஸுக்குத்தான் போகும். எங்கே, எவ்வளவு காலம் வாழ்ந்தீர்கள் என்பதற்குச் சான்றாக, வீடு மாறும் முன் பள்ளிப் பதிவையும் வாடகை ஒப்பந்தத்தையும் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.

அடி உதைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் 6 மாதம் காத்திருக்கவே வேண்டாம். பிள்ளை இப்போது இருக்கும் மாநில நீதிமன்றமே தற்காலிக அவசர உத்தரவு தரலாம்.