வீட்டு வைஃபை மோடம் ரவுட்டர்: வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு

மோடம், ரவுட்டர், வைஃபை, நாலு லேன் போர்ட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ஒன்றைத்தான் வீட்டில் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வேகத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் நாள்பட நாள்பட வேகம் பழகிப்போய்விடும்; இதை நம்பலாமா என்ற கேள்விதான் மிஞ்சும். வங்கிக் கணக்கு, குழந்தைகளின் வகுப்பு, வாசல் கேமரா என்று வீட்டில் நடக்கும் அத்தனையும் அந்த ஒரு பெட்டியின் வழியாகத்தான் வெளியே போகிறது.

இணைப்பு கொடுக்க வருபவர் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு, இன்டர்நெட் விளக்கு எரிந்ததும் "நெட் வந்துடுச்சு" என்று கிளம்பிவிடுவார். நம் வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஒரு லேன் கேபிளை கணினியில் செருகி, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வரும். சரியான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். வைஃபை வழியாகவும் உள்ளே போகலாம். ஆனால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிச் சேமித்த கணமே இணைப்பு அறுந்துவிடும். அதனால் முதல் முறைக்குக் கேபிள்தான் நிம்மதி.

இங்கே பாஸ்வேர்டு இரண்டு உண்டு. ஒன்று வைஃபையில் சேர, இன்னொன்று இந்த நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய. முதலாவதை எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது பல வீடுகளில் 'அட்மின்' என்றே கிடக்கிறது. ஆபத்து அதில்தான் அதிகம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் தயாரிப்பாளர்களே போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு இணையம் முழுக்கக் கதவு தட்டியது. மாட்டிய கேமராக்களையும் ரவுட்டர்களையும் படையாகத் திரட்டி, அந்த அக்டோபரில் ட்விட்டர் உட்படப் பெரிய தளங்களையே பலருக்குத் திறக்கவிடாமல் செய்தது. நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்தவர், தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மட்டும் மாற்றினால்கூடப் போதும், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் வேறு எங்கோ கொண்டுபோய்விட முடியும். கணினியில் வைரஸ் தேடினால் ஒன்றும் அகப்படாது. அதனால் அவ்வப்போது டிஎன்எஸ் பெட்டியைத் திறந்து, நான் போட்ட எண்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

அடுத்தது டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமல் சேர்ந்துகொள்ளும் வசதி. இதற்கு 8 இலக்க ரகசிய எண் (பின்) முறை ஒன்றும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு, யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டாக வெட்டிச் சரிபார்க்கிறது: முதல் நான்கு சரியா என்று தனியாகச் சொல்லிவிடும். மீதி நான்கில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக 10,000 முயற்சி, பிறகு 1,000 முயற்சி, மொத்தம் 11,000-க்குள் கதவு திறந்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் 2011-இன் இறுதியில் இதை வெளியிட்டார். புதிய ரவுட்டர்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும் என்றாலும், நான் முழுவதுமாக அணைத்தே வைத்திருக்கிறேன். ஒரு முறை ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் முடிந்து உள்ளே போய்ப் பார்த்தால் டபிள்யூபிஎஸ் தானாகவே மறுபடி 'ஆன்' ஆகியிருந்தது! அதிலிருந்து எந்த அப்டேட்டுக்குப் பிறகும் எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று பார்க்காமல் விடுவதில்லை.

வைஃபையில் போவதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கத்தில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் குறைந்தபட்சம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிரிண்டர் அதில் சேர மறுத்ததால் இரண்டும் கலந்த முறையில் வைத்திருக்கிறேன். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை தெரிந்தால் தொடாதீர்கள்: பாதுகாப்பும் போகும், வேகமும் பழைய 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். டபிள்யூபிஏ2-இல் ஒரு கருவி சேரும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாகப் பாஸ்வேர்டை ஊகிக்க முடியும். எனவே குறியீடுகளைத் திணிப்பதைவிட நீளம்தான் கைகொடுக்கும். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைத்தால் விருந்தாளிக்குச் சொல்வதும் சுலபம்.

எல்லோரும் சொல்லும் இரண்டு யோசனைகளை நான் கைவிட்டுவிட்டேன். வைஃபை பெயரை மறைப்பது ஒன்று. அதை ஒட்டுக்கேட்கும் மென்பொருள் நொடியில் கண்டுபிடித்துவிடும். மறைத்து வைத்தால் நம் போன்தான் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடும். ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் சேர்க்கும் வடிகட்டல் இன்னொன்று. அந்த முகவரி காற்றில் திறந்தபடியே போகிறது, யாரும் நகலெடுக்கலாம். போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களே போலி முகவரியைக் காட்டுகின்றன. வீட்டாரின் சொந்த போன் வெளியே நிற்கும், அவ்வளவுதான் பலன்.

அதே பெட்டியிலிருந்து தனியாகப் பிரிந்து இயங்கும் கெஸ்ட் நெட்வொர்க்கைத்தான் மனதாரப் பாராட்டுவேன். விருந்தாளிகளுக்கு மட்டுமல்ல, கேமரா, பல்பு, ஸ்மார்ட் பிளக் எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட்டேன். அவற்றில் ஒன்று கெட்டாலும் கணினிப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்பதால் டிவி மட்டும் முதன்மை நெட்வொர்க்கில். வெளியிலிருந்து நிர்வாகம் செய்யும் வசதியையும், கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வெளிவாசலைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியையும் அணைத்தாயிற்று. வீடியோ கால் எதுவும் அதனால் நின்றுபோகவில்லை.

சிக்னல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டின் நடுவில், உயரத்தில், மைக்ரோவேவுக்குத் தள்ளி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றை எடுங்கள். சுவரைத் தாண்டினால் வலு குறையும் என்றாலும் அதே அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ்.

பெட்டியைவிட அடாப்டர்தான் முதலில் தளர்ந்தது. காரணமே இல்லாமல் ரவுட்டர் அணைந்து எரியும், ஆள் அதிகமாகப் பயன்படுத்தும் மாலையில் இன்னும் மோசம். லைன் கோளாறு என்று புகார் கொடுக்கும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட் அதே அளவு, ஆம்பியர் குறையக் கூடாது, முனையின் கூட்டல் கழித்தல் குறியும் பொருந்த வேண்டும். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

மாற்ற வேண்டிய நேரத்தையும் வேகத்தை வைத்து முடிவு செய்வதில்லை. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் ஐந்து லட்சம் கருவிகளைப் பிடித்தபோது, பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருந்த ஓட்டைகள் வழியாகத்தான் நுழைந்தது. தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் வெளியிடுவதை நிறுத்திவிட்டால் அந்த ரவுட்டரின் ஆயுள் முடிந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன், விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தாலும் சரி. புதிது வாங்கும்போது ஆன்டெனாவை எண்ணாமல், அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று அவர்களின் தளத்தில் பாருங்கள். பழையதை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் ரீசெட் துளையில் குச்சியை வைத்துப் பத்து வினாடியாவது அழுத்திவிட்டுக் கொடுங்கள். உங்கள் இணைப்பின் யூசர்நேமும் வைஃபை பாஸ்வேர்டும் அதற்குள்தான் இருக்கின்றன.