பல்லுக் குத்தும் கொரோனாப் பயமும்: வீடா, பெரியாஸ்பத்திரியா, தனியார் கிளினிக்கா?

2021 ஆகஸ்ட் 20ஆம் திகதி இலங்கையில் கொரோனாவுக்கான தனிமைப்படுத்தல் ஊரடங்கு தொடங்கிய வாரம், மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் என் பெரியம்மாவுக்குக் கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனாவோடதான் வருவன்" என்று கராம்பைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். நாலாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. மறுபடி ஒரு தொற்றுக்காலம் வந்தால் யாரும் அப்படி இருந்துவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் கராம்பும் உப்புத் தண்ணீரும் பனடோலும் ஓரிரு நாள் தாங்கும். கராம்பில் உள்ள யூஜெனோல் அந்த இடத்தை விறைக்க வைக்கும், அவ்வளவுதான். உள்ளே சொத்தை அப்படியே இருக்கும். குத்து தானாக நின்றாலும் சுகம் என்று நம்ப முடியாது. பல்லின் நரம்பு செத்தாலும் வலி நிற்கும், அதற்குப் பிறகு சீழ் கட்டலாம். பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்குவதும் பல்லைச் சரிப்படுத்தாது.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி மாதிரியான அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் அங்கேயே வார்டில் சேர்க்கலாம். இந்த வசதி தனியார் பல் கிளினிக்கில் இல்லை. பயம் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் இடத்தில்தான், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. காற்றோட்டமான பக்கத்தில் இருந்து, மாஸ்க்கைக் கதிரையில் ஏறும் வரை கழற்றாமல் இருந்தால் ஆபத்து நன்றாகக் குறையும்.

கதிரையில் ஏறிய பிறகு எது ஆபத்து என்பதில்தான் பலரும் பிழையாக நினைக்கிறார்கள். தண்ணீர் பீச்சிக்கொண்டு பல்லைக் குடையும் மெஷினும், பல்லில் இறுகிப் படிந்த காறையை எடுக்கும் மெஷினும்தான் எச்சிலை நுண்துளியாகக் காற்றில் பரப்புகின்றன. விறைப்பு ஊசி போட்டுக் குறட்டால் பல்லைக் கழற்றும்போது அந்தளவு பரவாது. நாம் அதிகம் பயப்படுகிற வேலைதான் தொற்று விஷயத்தில் பயம் குறைந்தது! உலக சுகாதார நிறுவனமும் 2020 ஆகஸ்டில், சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமில்லாத பல் வேலைகளைத் தள்ளிப்போடலாம் என்றுதான் சொன்னது. அவசரத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

தனியார் கிளினிக்கில் நேரம் குறித்துப் போகலாம், ஆள் குறைவு. ஆனால் காசு வேண்டும். யன்னல் பூட்டி ஏசி போட்ட சின்ன அறையென்றால், ஆள் குறைவு என்பதில் பெரிய லாபமில்லை. அதனால் முதலே போன் எடுத்து, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுகிறார்கள், யன்னல் திறக்கிறார்களா என்று கேளுங்கள். பகலில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டொக்டர்கள் பலர் பின்னேரம்தான் கிளினிக் திறப்பார்கள். வாவிக்கு அந்தப்பக்கம், மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருபவர்கள் திரும்பிப் போகும் நேரத்தையும் யோசிக்க வேண்டும்.

என் முடிவு இதுதான். காறை எடுப்பது, வலியில்லாத சொத்தை என்றால் வீட்டில் பொறுக்கலாம். குத்து இரண்டு நாள் தாண்டினால், கையில் காசிருந்தால் தனியார், இல்லாவிட்டால் அரச ஆஸ்பத்திரி. வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம் என்றால் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

பெரியம்மாவை அரச ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனோம். சீழை எடுத்து, பிறகு பல்லையும் கழற்றினார்கள். அன்றிரவுதான் அவர் ஐந்து நாளைக்குப் பிறகு சோறு சாப்பிட்டார், குழைத்துத்தான்.