மழை நாளில் பிள்ளையோடு மான் வேட்டை: கூடாரமா, பரணா, நடையா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு மான் வேட்டைக்கு ஒதுக்கப்படுகிறது. இருப்பதே இரண்டு நாள். மழை வந்தால் தள்ளிப்போட வழியில்லை. (இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அங்கே அது உரிமம் வாங்கிச் செய்கிற பருவகால வழக்கம்.) வெண்வால் மான் தூறலில் தாராளமாக நடமாடும். காற்றோடு கொட்டினால் படுத்துக்கொள்ளும், மழை விட்டதும் மேய எழும். ஆகவே மான் வருமா என்பது பெரிய கேள்வியல்ல. பிள்ளை எத்தனை மணி நேரம் நனையாமல் உட்காரும், சுட்ட மானைத் தேடி எடுக்க முடியுமா என்ற இரண்டும்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

மரத்தில் சாய்த்து, ஏணியில் ஏறி உட்காரும் ஏணிப் பரணை முதலிலேயே தள்ளிவிடலாம். இருவர் அமரும் பரண் பதினைந்து அடிக்கு மேல் இருக்கும். நனைந்த இரும்புப் படி, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ், தடித்த மழைச்சட்டைக்கு மேல் இறுக்கிய பாதுகாப்பு வார் எல்லாம் சேர்ந்தால் பத்து வயதுப் பிள்ளை இறங்கும்போதுதான் வழுக்கும். பெரியவர்களின் வாரை இழுத்துக் கட்டினாலும் பிள்ளைக்குப் பொருந்தாது. காய்ந்த நாளில் நல்ல இடம், மழை நாளில் வேண்டாம்.

மான் கண்ணில் படாமல் தரையில் உட்கார, மடித்துத் தூக்கிப்போகும் பாப்-அப் துணிக் கூடாரம்தான் பெரும்பாலானவர்களுக்குக் கைக்கு எட்டுவது. ஆனால் கடையில் வாங்கியபடியே கொண்டுபோனால் தையல் வழியே ஒழுகும். ஒரு வாரம் முன்பே வீட்டு முற்றத்தில் விரித்து, கூரைத் தையல்களில் சீலர் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசி, தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். கூரை தொய்ந்தால் தண்ணீர் தேங்கும், அதனால் கயிறுகள் நான்கையும் இழுத்துக் கட்டுவது கட்டாயம். உள்ளே தரையிலுள்ள சருகை ஒதுக்கி ரப்பர் பாய் போட்டால் பிள்ளை காலை ஆட்டினாலும் சத்தம் வராது. சுடும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறக்கவே கூடாது. வெளிச்சம் ஊடுருவினால் உள்ளே அசைவது நிழலாகத் தெரியும். மாநிலத்தின் இயற்கை வளத் துறை நிலத்தில் கூடாரத்தை இரவில் விட்டுவரவும் அனுமதியில்லை. துப்பாக்கிப் பருவத்தில் எல்லாத் திசையிலும் தெரிகிற மாதிரி 144 சதுர அங்குலப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறம் வெளியே இருக்க வேண்டும். தினமும் நனைந்ததைக் கழற்றிச் சுமப்பதுதான் இதன் உண்மையான விலை.

சொந்த நிலமோ நண்பர் நிலமோ இருந்தால் பெட்டிப் பரணுக்கு இணையில்லை. மரச்சுவர், ஓட்டைகளற்ற கூரை, கைப்பிடி உள்ள படிக்கட்டு. தகரக் கூரையில் மழை தட்டுகிற சத்தம் பிள்ளையின் இருமலையும் பிஸ்கட் பொட்டலத்தையும் மறைத்துவிடும். மான் வருகிற காலடியையும் மறைக்கும், அதனால் கண்ணை நம்பித்தான் உட்கார வேண்டும். மூச்சுக்காற்றில் ஜன்னல் கண்ணாடியும் துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் ஸ்கோப்பும் பனிபிடிக்கும். கேஸ் அடுப்பு ஹீட்டரை இரவல் வாங்கி வருகிறவர்கள் ஜன்னலை இறுக மூடிவிடுகிறார்கள், கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயு அங்கேதான் சேரும். இரண்டு ஜன்னலை ஓர் அங்குலமாவது திறந்து வைக்க முடியாவிட்டால் ஹீட்டரே வேண்டாம். துணிக் கூடாரத்துக்குள் அதைப் பேச்சுக்கும் எடுக்காதீர்கள்.

நடந்து தேடுவது பழக்கப்பட்டவர்களுக்கு மழையில் மிகவும் பிடித்தது. நனைந்த சருகு நொறுங்காது, பத்தடிக்கு ஒருமுறை நின்று பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் புதிதாக வரும் பிள்ளையை நீங்கள் கை எட்டும் தூரத்துக்குள்தான் வைத்திருக்க வேண்டும். வழுக்கும் தரையில் குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு அது தலைவலி. பதின்மூன்று, பதினான்கு வயதாகி, துப்பாக்கி முனையை எங்கே வைப்பது என்பது கைக்குப் பழகிய பிள்ளைக்கு மட்டும், அதுவும் தூறலில் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் பருத்தி உடுப்பு கூடாது. ஜீன்ஸும் டி-சர்ட்டும் நனைந்தால் 8 டிகிரி செல்சியஸிலேயே உடம்பு விறைக்கத் தொடங்கும், சிறு உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். உள்ளே கம்பளி, மேலே மழைச்சட்டை. பையில் மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி, கையுறை இரண்டு ஜோடி. துப்பாக்கிக் குழாய் முனையில் மின்வேலை டேப் ஒரு துண்டு ஒட்டினால் தண்ணீர் இறங்காது, சுடும்போது முன்னே வரும் காற்றே அதைக் கிழித்துவிடும்.

சுடும் தூரத்தில் கறாராக இருங்கள். .243 அங்குலத் தோட்டா 150 மீட்டரில் வேலை செய்யும். மழையில் 50 மீட்டர் போதும், நின்றபடி பக்கவாட்டில் காட்டுகிற மானாக இருக்க வேண்டும். காரணம் ரத்தத் தடம். கொட்டும் மழையில் அது சில நிமிடங்களில் கரையும். நுரையீரலில் பட்டது தெளிவாகத் தெரிந்தால் வழக்கமான அரை மணிக் காத்திருப்பை விட்டுவிட்டு உடனே இறங்கலாம். குடலில் பட்டிருந்தால் மழையானாலும் ஆறு மணி நேரம் போகக்கூடாது. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். அப்போது தடமே இருக்காது, கடைசியாக மான் மறைந்த மரத்தைப் பிள்ளையைக் கொண்டு போனில் குறிக்கச் சொல்லி, அங்கிருந்து வரிசை வரிசையாகத் தேட வேண்டும். கனமழை பெய்துகொண்டிருந்தால் சுடவே வேண்டாம். வில்லோடு போகிறவர்களுக்குத் தூறலிலேயே இந்த விதி.

குளிரில் கை விறைத்துவிட்டதா என்று பார்க்க, அரை மணிக்கு ஒருமுறை பிள்ளையைக் கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாத நிமிடம் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டுக் காருக்கு நடங்கள், மான் எதிரே நின்றாலும்.