சிரிப்புக்கும் பாசத்துக்கும் இடையே: ‘சைன்ஃபெல்ட்’, ‘தி ஆபீஸ்’ ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வெளிவந்த இவ்விரு நகைச்சுவைத் தொடர்களும் மனித உறவை நேர் எதிரான வழிகளில் கையாண்டன.

1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ தொடரில், கட்டியணைத்தலும் கூடாது, பாடம் கற்றலும் கூடாது என்பது அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டேவிட் வகுத்த விதி. நாயக நண்பர்களுள் ஒருவரான ஜார்ஜ் தேர்ந்தெடுத்த மலிவான திருமண அழைப்பிதழ்களின் உறைப் பசையை நக்கி ஒட்டிய, அவரை மணக்கவிருந்த சூசன் நஞ்சேறி இறந்துபோக, செய்தி கேட்ட நண்பர்கள் சற்றே திகைத்துவிட்டுக் காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் துணிவு வியப்பூட்டுகிறது. ஆயினும் அவர்களுள் எவரிடமும் எனக்குப் பரிவு பிறக்கவில்லை.

2005 முதல் 2013 வரை வந்த அமெரிக்க ‘தி ஆபீஸ்’ தொடரோ, எரிச்சலூட்டும் மேலாளரான மைக்கேல் ஸ்காட்டையே நாம் நேசிக்கும்படி செய்கிறது. தன் ஓவியங்களைச் சக ஊழியர் ஒருவர் குறைகூறியதைக் கேட்டு மனம் வாடிய அலுவலக வரவேற்பாளர் பாம், கண்காட்சியை முடித்துக்கொள்ளும் வேளையில், தாமதமாக வந்து சேரும் மைக்கேல், அவர்களுடைய அலுவலகக் கட்டடத்தை அவள் வரைந்த சிறிய படத்தின் முன் மெய்ம்மறந்து நின்று, அதை விலைக்குக் கேட்கிறார். பாம் கண்கலங்கி அவரை அணைத்துக்கொள்கிறாள்; அவருடைய பாக்கெட்டில் என்ன இடிக்கிறது என்று கேட்கிறாள்; சாக்லேட் என்று சொல்லி, பாதி வேண்டுமா என்கிறார் அவர். அழுகை மிகைப்படும் முன்பே வந்துவிடும் அந்தச் சிரிப்பு, பாசத்தைச் சிறிதும் குலைப்பதில்லை. இந்த நுட்பத்துக்காகவே நான் ‘தி ஆபீஸ்’ பக்கம் நிற்கிறேன்.