தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா: ஆண்களின் கெகல் பயிற்சியில் ஓய்வுக் கணக்கு

ஆண்மைப் பயிற்சி என்று தேடினால் வருவதில் பாதி, குறியைக் கையால் இழுத்தும் தேய்த்தும் நீளமாக்கும் வித்தைகள். அவற்றை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை. புஜத்தைப் போலப் பயிற்சி செய்து பருக்கவைக்கிற தசை அங்கே கிடையாது. கையால் இழுத்தால் நீளும் என்பதற்கு நம்பும்படியான சான்றும் இல்லை. ரத்தம் கட்டுவதும், உள்ளே வடு விழுந்து குறி வளைவதும்தான் மிச்சம்.

பயிற்சிக்கு ஒத்துவரும் தசைகள் கொஞ்சம் கீழே, ஆசனவாய்க்கும் விரைப்பைக்கும் நடுவிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. இடுப்புத் தளத் தசைகள் என்பார்கள். விறைப்பு வந்தபின் ரத்தம் வெளியே போய்விடாமல் குறியின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிப்பது, விந்தை வெளித்தள்ளுவது, சிறுநீர்க் கசிவைத் தடுப்பது எல்லாம் இவற்றின் வேலை. பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசிந்த பெண்களுக்காக ஆர்னல்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1940களில் பரப்பிய, இந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சிதான் கெகல் என்ற பெயரில் இன்று ஆண்களுக்கும் சொல்லப்படுகிறது. விறைப்புக் குறைபாடு இருந்த 55 ஆண்களை வைத்து பிரிட்டனில் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் 40 சதவீதம் பேர் இயல்புநிலைக்குத் திரும்பினார்கள். இன்னொரு 35 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பலன் இல்லை.

ஆக, பயிற்சி வேலை செய்யுமா என்பதில் பெரிய சண்டை இல்லை. எத்தனை நாள் செய்வது, எத்தனை நாள் விடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

முதல் வழி, ஓய்வுநாளே இல்லாத தினசரி முறை. 3 விநாடி இறுக்கு, 3 விநாடி விடு, ஒரு சுற்றுக்கு 10, நாளுக்கு மூன்று சுற்று. மருத்துவமனைத் துண்டுப் பிரசுரங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மறக்காது, பழக்கமாகிவிடும். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, சுழற்சி முறை. ஒருநாள் பயிற்சி, மறுநாள் ஓய்வு. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் பாதியாகக் குறைப்பது. பயிற்சி நாளில் இரண்டு விதமாகவும் செய்ய வேண்டும்: 8, 10 விநாடி நிறுத்திப் பிடிக்கும் நீண்ட இறுக்கம் ஒரு சுற்று, சட்டென்று இறுக்கி விடும் வேகமான இறுக்கம் ஒரு சுற்று. இடுப்புத் தளத்தில் மெதுவாகச் சோரும் இழைகள்தான் அதிகம், விரைவாகச் சுருங்கும் இழைகள் குறைவு. இரண்டுக்கும் வேலை வேண்டும் என்பதால்தான் இந்தக் கலவை.

தினசரி முறையில் தொடங்கி, சுழற்சிக்கு மாறி, அங்கேயே நின்றுவிட்டவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஓய்வுநாளில் தசை வளரும் என்ற வழக்கமான ஜிம் காரணம் இங்கேயும் பொருந்தும், சரி. ஆனால் என் முடிவுக்குக் காரணம் அது இல்லை. இறுக்கியதைத் தளர்த்தி விடுவதுதான் காரணம். இறுக்குவதை எல்லோரும் எண்ணுகிறோம். இறுக்கிய தசை முழுதாகக் கீழே இறங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒருமுறை செய்து பார்த்தால் புரியும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல உள்ளுக்கு இழுங்கள். குறியின் அடி உள்வாங்கும், விரைகள் லேசாக மேலே எழும். வயிறு, தொடை, பிட்டம் எதுவும் இறுகக் கூடாது. இப்போது விட்டுவிட்டு, வயிறு உப்பும்படி மூச்சை இழுங்கள். அந்த மூச்சோடு தளம் மெல்லக் கீழே இறங்குவது தெரிய வேண்டும். முதல் நான்கைந்து முறை தெளிவாகத் தெரியும். அதன்பின் களைப்பு ஏற ஏற, விட்டுவிட்டதாக நாம் நினைப்போம், தசை பாதி உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து இன்னொருமுறை இறுக்கினால் அது அரை இறுக்கம்தான். இதையே நாள் தவறாமல் மூன்று வேளையும் செய்தால், தசைக்கு இறுகியே இருப்பது பழகிப்போகிறது.

எப்போதும் இறுகியிருக்கிற தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். ஏற்கெனவே சுருங்கி நிற்பதால் தேவையான நேரத்தில் சுருங்க அதற்கு இடமும் இருக்காது. பலத்துக்காகச் செய்த பயிற்சி, விறைப்பையே மந்தமாக்கிவிடலாம். அறிகுறிகள் இவை: கழிப்பறையில் நின்றபிறகு சிறுநீர் கிளம்பத் தாமதம், உட்கார்ந்தால் விரைப்பைக்குப் பின்னால் ஒரு மந்த வலி, விந்து வெளியேறியபின் வலி, மலம் கழிக்க முக்க வேண்டியிருப்பது. எனக்கு முதலாவது எட்டிப் பார்த்தது, ஓய்வுநாள் சேர்த்ததும் போய்விட்டது. ஒருவனுடைய உடம்பு சொல்வதை ஊருக்கே சட்டமாக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் இறுகிப்போன இடுப்புத் தளம் பிசியோதெரபிஸ்டுகளுக்குப் பழகிய சங்கதிதான். அப்படி வருபவர்களிடம் அவர்கள் முதலில் கெகலை நிறுத்தச் சொல்லி, தளர்த்தத்தான் கற்றுத் தருகிறார்கள்.

ஓய்வுநாளில் சும்மா இருக்கவும் வேண்டாம். முழங்காலை மார்புப் பக்கம் அணைத்து, வயிற்றால் மூச்சுவிட்டு, தளம் இறங்குவதை மட்டும் ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் அடக்கிப் பார்ப்பது, எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஓரிரு முறை மட்டும். அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

தினசரி முறைக்குச் சேரவேண்டியதையும் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு, மூன்று வாரம் நடப்பது தசை வளர்ச்சி அல்ல, மூளைக்கும் தசைக்கும் அறிமுகம். அப்போது குறைந்த பலத்தில் தினமும் செய்வதே மேல். தசை பிடிபடாமல் வயிற்றையே இறுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது இழுபறிதான். அப்புறம், மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் தினசரித் திட்டத்தை வைத்தே நடந்தவை. சுழற்சி என்பது மற்ற தசைகளுக்கான பயிற்சி அறிவிலிருந்து எடுத்துக்கொண்டது, அதோடு என் அனுபவம். பலத்தில் பார்த்தால் இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தொல்லை இல்லாமல் மாதக்கணக்கில் தொடர முடிந்தது சுழற்சியில்தான்.

புராஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவுக்காகச் செய்பவர்களின் கணக்கு வேறு. அந்த அனுபவம் எனக்கு இல்லை. அவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் தினமும் செய்யச் சொன்னால் தினமும்தான்.

எந்த முறையானாலும் மூன்று மாதம் கொடுக்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் விறைப்பு திடீரென்று குறைந்திருந்தால், அல்லது காலை விறைப்பே நின்றுபோயிருந்தால், அட்டவணை போடுவதற்கு முன் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். குறிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்துக்குப் போவனவற்றைவிடச் சிறியவை, அடைப்பின் அறிகுறி பல நேரம் அங்கேதான் முதலில் தெரியும்.