கடலோரத்தில் இருப்பவர்கள் கொக்கி வைத்த ஷூ வாங்கும் முன் படிக்கவும்

ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு வகைக் கறுப்பு ஷூ விற்கிறார்கள். லேஸ் கிடையாது. குறுக்கே இரண்டு வார்கள், ஒவ்வொன்றின் முனையிலும் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வெள்ளை நிற உலோகக் கொக்கி. விலை 2,800 ரூபாய். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆயுளுக்கும் துருப்பிடிக்காது’ என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்ல, முலாம் பூசிய இரும்பு. எங்கள் வீட்டில் அதனால் ஒருவருக்குக் காலில் புண் வந்து, ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதாயிற்று. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் சரக்கை அடையாளம் கண்டுகொள்ளலாம், அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஷூ வாங்கியது வாப்பாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு. பக்கவாதம் வந்து போனபின் அவருக்கு வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. லேஸ் கட்ட இரண்டு கை வேண்டும். அவரிடம் இருப்பது ஒன்றரைக் கை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போதாததற்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி பெருமளவு போய்விட்டது. வெறுங்காலோடு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது, விரல் தெரியாத மூடிய காலணிதான் போட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கீழக்கரையில் இருந்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டில் உட்காரும் மனிதர் அல்ல அவர். ஐந்து வேளையும் கழற்ற வேண்டும், ஐந்து வேளையும் மாட்ட வேண்டும். ஒட்டுப்பட்டை வைத்த ஷூவையும் பார்த்துவிட்டோம். கடற்கரை மணலும் பஞ்சுத்தூசும் அந்தப் பட்டையின் முட்களுக்குள் ஏறிக்கொண்டால் பிறகு அது ஒட்டுவதே இல்லை. ஆகவே ஒற்றைக் கையால் போட்டுக் கழற்றக்கூடிய உலோகக் கொக்கிதான் அவருக்குச் சரி. இந்தத் தீர்மானத்தில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. கொக்கியைக் குறை சொல்ல இந்தப் பதிவு எழுதப்படவில்லை.

கடைக்காரர் நன்றாகப் பேசுவார். “தம்பி, இது 316 கிரேடு. கப்பலில் போடுகிற ஸ்டீல். பெரியவர் கடலுக்குள் இறங்கி நடந்தாலும் ஒன்றும் ஆகாது” என்றார். கொக்கிக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். “ஷூ கிழிந்தாலும் கொக்கி கிழியாது” என்றார். உத்தரவாதத்தைப் பில்லில் எழுதித் தரச் சொன்னதற்கு, அச்சடித்த பில்லில் கையால் எழுதினால் கணக்கில் சிக்கல் வரும் என்றார். இப்போது வந்திருக்கும் புது நாகரிகம் என்று வேறு ஒரு பேச்சு. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க வசதிபடைத்த ஆண்களின் ஷூவில் இருந்தது பக்கிள்தான். 1790-களில் லேஸ் வந்து அதை ஒழித்தபோது, பர்மிங்காம் பக்கிள் தொழிலாளர்கள் பிழைப்புப் போகிறது என்று இளவரசரிடமே மனுக் கொடுத்திருக்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய பழைய நாகரிகத்துக்குப் புதுச் சரக்கின் விலை. அது போகட்டும்.

போடத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே கொக்கியின் ஓரங்களில் தேநீர்க் கறை போன்ற புள்ளிகள் தெரிந்தன. ராத்தாதான் (அக்கா) முதலில் பார்த்தாள். வெள்ளைக் காலுறையில், வார் படும் இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது, எந்தச் சோப்புக்கும் போகவில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அது துரு இல்லை தம்பி, தோலில் போட்ட சாயம். தேங்காய் எண்ணெய் தடவுங்கள்” என்றார்கள். தடவினோம். அழுத்தும் நெம்பு அதற்குப்பிறகு இன்னும் இறுகியது.

ஒருநாள் மக்ரிபு என்னும் அந்தித் தொழுகைக்கு முன் அது மொத்தமாக நின்றுவிட்டது. பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து வாப்பா அழுத்துகிறார், அழுத்துகிறார், கொக்கி திறக்கவில்லை. உள்ளே ஜமாஅத் தொழுகை தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த இளைஞர்கள் காசை வைத்து நெம்பிப் பார்த்தார்கள், சாவியை விட்டுப் பார்த்தார்கள். ஷூவைக் காலோடு இழுத்தும் பார்த்தார்கள். காலில் உணர்ச்சி இல்லாதவரை அப்படி இழுக்கக் கூடாது என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது. எழுபதைத் தாண்டியவர், தொழுகைக்கு வந்த இடத்தில் பத்துப் பேர் காலடியில் குனிந்து நிற்க, கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து கத்தரிக்கோல் வாங்கி வந்து இரண்டு வார்களையும் வெட்டினார்கள். அப்போதுதான் காலுறையில் ரத்தம் இருப்பது தெரிந்தது. கொக்கியை வாரோடு பிணைக்கும் ரிவிட்டின் பின்முனை, துருவேறி மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு உள்ளே துருத்தி, புறங்காலில் அறுத்திருக்கிறது. எத்தனை நாளாக அறுத்ததோ, அவருக்குத் தெரியவே இல்லை. வலித்தால்தானே தெரியும்!

மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, சர்க்கரைக்காரரின் காலில் இது சின்னப் புண் அல்ல என்று எங்களைத் திட்டித்தான் அனுப்பினார். ஆற வெகுநாள் பிடித்தது. நல்லவேளை, ஆறிவிட்டது.

வெட்டிய ஷூவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே கேட்டவைதான் இந்தப் பதிவை எழுத வைத்தன. முதலில், வெட்டிய பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். கொக்கி திறக்காததால்தான் வெட்டினோம் என்றேன். அடுத்து, உங்கள் ஊர் உப்புக்காற்று, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். கப்பலில் போடுகிற ஸ்டீல் என்றீர்களே என்றேன். அதன்பிறகு வந்ததுதான் மிகவும் உறுத்தியது: “உங்கள் ஆட்கள் ஒளு செய்து கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு ஷூ போடுகிறீர்கள். துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?” விற்கும்போது பள்ளிவாசலுக்குப் போகத்தான் வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினோம். அப்போது கடலில் இறங்கினாலும் ஆகாதது, இப்போது பாதத்தின் ஈரத்துக்கே ஆகிவிட்டதாம். கடைசியாகப் பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார்கள்.

கீழக்கரையில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். “அண்ணே, இது என்ன உலோகம்?” என்றேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்துண்டு ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பாய்ந்து ஒட்டியது. பிறகு பின்பக்கத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். மேலே பளபளப்பான தோல், அடியில் கறுத்த இரும்பு, இடையிடையே சிவப்பு. “உள்ளே இருக்கிற சுருள் கம்பியையும் பாருங்கள், அது முதலிலேயே போய்விட்டது. அதனால்தான் திறக்கவில்லை” என்றார். வாரின் உட்புறத்தைப் பிரித்துக் காட்டியபோதுதான் இன்னொரு கஞ்சத்தனம் வெளிப்பட்டது. ரிவிட்டின் முனையை மூட உள்ளே ஒரு தோல்துண்டு வைத்துத் தைக்க வேண்டும். இதில் மெல்லிய துணி ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

முலாம் பூசிய இரும்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பின் மேல் நிக்கலும் அதன் மேல் மிக மெல்லிய குரோமியமும் பூசுகிறார்கள். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் வெடிப்புகளும் இருக்கும். திறந்து மூடும்போது உராயும் இடங்களில் அது தேய்ந்தும் போகும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. அந்த உப்புநீர் துளை வழியே இரும்பைத் தொட்டுவிட்டால், மேலே இருக்கும் நிக்கல் காப்பாற்றுவதற்குப் பதிலாக அரிப்பை வேகப்படுத்துகிறது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்து இருந்தால் பலவீனமானது தன்னை இழக்கும், இங்கே பலவீனமானது இரும்பு. அதனால் ஒரு சின்ன இடத்தில் ஆழமாக அரித்துக்கொண்டு போகிறது. நிஜமான 316 என்றால் அதில் குரோமியம், நிக்கலுடன் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் கலந்திருக்கும். உப்பைத் தாங்குவது அதனால்தான்.

நம் கரை மற்ற கரைகளைப் போன்றதும் அல்ல. உலோகம் கடற்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு வண்ணம் அடித்து மாளவில்லை. 2022 கடைசியில் அதில் ரயிலை நிறுத்திவிட்டு, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே இருந்தாலும் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே இது தெரியும். இந்த மாவட்டத்திலேயே கடை வைத்திருப்பவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கொக்கியில் பலமாக ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். காந்தம் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகமும் உண்டு என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் அந்த ரகம் சமையலறைக்குப் போதும், கடலோரத்துக்குப் போதாது. ஒட்டவில்லை என்றாலும் உடனே நம்பிவிடக் கூடாது, துத்தநாகக் கலவையில் வார்த்த கொக்கியிலும் காந்தம் ஒட்டாது. அது மெருகு போனபின் சாம்பல் நிறமாகி, வெள்ளைப் பொடி பூத்து, ஒருநாள் மெல்லிய இடத்தில் முறிந்துவிடும். பித்தளை என்றால் பின்பக்கம் லேசாகக் கீறினால் மஞ்சள் தெரியும், கீற விடமாட்டேன் என்கிற கடையில் என்ன வாங்க இருக்கிறது? இவற்றையெல்லாம்விட முக்கியம், வாரின் உட்புறத்தில் விரலை விட்டு நன்றாகத் தடவிப் பார்ப்பது. ரிவிட்டின் முனை விரலில் தட்டினால் அந்த ஷூ வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். நிக்கல் பூச்சு வியர்வை பட்டுக் கரைந்து சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட பக்கிள் ஷூ வாங்குகிறவர்கள் அதையும் கவனிக்கலாம்.

வாப்பா இப்போது போடுவது அதே ஷூவைத்தான். மேல்பகுதித் தோல் நன்றாகவே இருந்ததால், செருப்புத் தைக்கும் அண்ணன் புது வார் தைத்து, ஏதோ பழைய தோல்பையிலிருந்து கழற்றிய பித்தளை பக்கிள்களைப் போட்டு, உள்ளே கனமான தோல்துண்டு வைத்து மூடித் தந்தார். கூலி 350 ரூபாய். சுருள் கம்பி எதுவும் இல்லாத, முள் வைத்த சாதாரண பக்கிள். இடது கையால் மாட்ட வாப்பா பழகிவிட்டார். பித்தளையும் இந்தக் காற்றில் பச்சை பூக்கத்தான் செய்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ராத்தா புளி போட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி வைக்கிறாள்.

பணத்துக்கு வருகிறேன். பில்லில் அச்சடித்த அந்த வரியைக் கண்டு யாரும் திரும்பிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், புகாருக்கு ஓர் எண் தருவார்கள், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகாரைக் கொடுக்க வேண்டும். பில், ஷூ வந்த பெட்டி, கொக்கியின் படம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். வெட்டிய வார்களையும் அந்தப் பழைய கொக்கிகளையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

1915-இல் புகார் பதிவானபின் கடையின் குரல் மாறிவிட்டது. “தம்பி, ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே” என்று கூப்பிட்டார்கள். நேரில் வந்து சொன்னவனிடம்தான் இதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை போலும். பணத்துக்குப் பதிலாகப் புது சரக்கில் ஒரு ஜோடி தருகிறோம், இது வேறு கம்பெனி, இதில் குறையே இல்லை என்றார்கள். போனேன். பெட்டியைத் திறந்து கொக்கியின் மேல் காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. பணம்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.