விண்மீன் மறைப்புக்கு எந்தக் கமரா: அனலொக், ஈஎம்சிசிடி, சீமோஸ்

பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ 20 சென்ரிமீற்றர் தொலைநோக்கியால் விண்மீன் மறைப்பை, அதாவது சிறுகோள் ஒன்று விண்மீனுக்கு முன்னால் கடந்து அதன் ஒளியைச் சற்றுநேரம் மறைப்பதை, பதிய விரும்புவோர், கமரா செக்கனுக்கு எத்தனை பிரேம் எடுக்கும் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். இரண்டு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடைத்தூரத்தின் இரு மடங்கு) தொலைவிலுள்ள சிறுகோளின் நிழல் செக்கனுக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கிறது என்று கொண்டால், 25 பிரேம் எடுக்கும் கமராவில் ஒரு பிரேமுக்குள் நிழல் 600 மீற்றர் நகரும். விளிம்பில் ஒளி வளைவதால் நிழலின் ஓரமே சுமார் 300 மீற்றருக்கு மங்கியிருப்பதால், பிரேம் வேகத்தை அதற்குமேல் வெகுவாகக் கூட்டுவதில் பெரிய பயனில்லை. நேரக் கணிப்போ அப்படியன்று. பத்தில் ஒரு செக்கன் பிழைத்தால் சிறுகோளின் விளிம்பு 1.5 கிலோமீற்றர் தள்ளிப்போகும். இரண்டு ஊர்களின் பதிவுகளும் ஒரே உருவத்துக்குள் பொருந்தா.

வாட்டெக் 910 போன்ற அனலொக் கமராக்கள் இவ்விடயத்தில் இன்றும் நம்பத்தக்கவை. ஜிபிஎஸ் நேரத்தை ஒவ்வொரு வீடியோப் புலத்திலும் (பிரேமின் பாதி வரிகள்) எழுதும் கருவியை இடையில் இணைத்தால் போதும். ஆயினும் ஒளியளவு வெறும் 256 படிகளுக்குள் அடங்கிவிடுவதால் மெல்லிய ஒளிக்குறைவுகள் தவறிப்போகும்.

ஈஎம்சிசிடி, அதாவது ஒளி தரும் மின்சமிக்ஞையைச் சிப்பினுள்ளேயே பெருக்கிப் பதியும் கமரா, பெரிய ஆய்வகங்களின் கருவி. 2013 ஜூன் 3 அன்று கரிக்லோ என்ற சிறுகோளின் இரு வளையங்களைப் பிரித்துக் காட்டியது, சிலியில் 1.54 மீற்றர் தொலைநோக்கியில் செக்கனுக்குப் பத்துப் பிரேம் எடுத்த இத்தகைய கமராவே. ஆனால் பிரகாசமான விண்மீனுக்கு அதன் பெருக்கல் இரைச்சல் வந்த ஒளியில் பாதியை இழப்பதற்குச் சமம். விலையும் குளிரூட்டலுக்கான மின்சாரமும் நமக்குக் கட்டுப்படியாகா.

எஞ்சுவது சீமோஸ், கைத்தொலைபேசிக் கமராக்களிலும் உள்ள வகை உணரி. சொந்தமாகக் கமரா அமைப்பவர்கள் மலிவான ஐஎம்எக்ஸ்290 உணரியை நாடுகிறார்கள். இரைச்சல் குறைவு, ஆனால் ரோலிங் ஷட்டர், அதாவது பிரேமின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே பதிவாகும். ஜிபிஎஸ் துடிப்பால் ஒளிரும் எல்ஈடி ஒன்றைத் தொலைநோக்கியின் வாயில் வைத்துப் பார்த்தால், ஒரே பிரேமின் மேற்பாதி இருளாகவும் கீழ்ப்பாதி வெளிச்சமாகவும் வருவது தெரியும். விண்மீன் எந்த வரியில் இருந்தது என்று பார்த்து நேரத்தைத் திருத்தியாக வேண்டும். ஐஎம்எக்ஸ்174 உணரியில் எல்லா வரிகளும் ஒன்றாகவே திறந்து மூடும். அந்த உணரி கொண்ட கியூஎச்வை174 ஜிபிஎஸ் கமராவோ ஒளிபதிவின் நேரத்தைத் தானே குறித்துக்கொள்வதால், மடிக்கணினியின் கடிகாரத்தையும் யூஎஸ்பி தாமதத்தையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

எனது தெரிவு இந்தக் கியூஎச்வை174 ஜிபிஎஸ் கமராவே. அதற்கு மலையகத்துக்கே உரிய காரணமும் உண்டு. தேயிலைச் சரிவில் ஏறிவரும் மூடுபனி விண்மீனை மங்கச் செய்தால் அதையும் மறைப்பென்று எண்ண நேரும், ஆகவே ஒப்பீட்டு விண்மீன் ஒன்று அதே பிரேமில் இருந்தே ஆகவேண்டும். 2,000 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் ஐஎம்எக்ஸ்174 ஏறத்தாழ 19 பாகைத்துளி (ஒரு பாகையில் 60 பாகைத்துளி) அகல வானத்தைக் காட்டுகையில், ஐஎம்எக்ஸ்290 அதில் பாதியையே காட்டும்.